பேனல் கதவில் எழுதி வைத்தது

அந்த வீட்டில் யாரும் யாரையும் மரியாதை இல்லாமல் பேசி நான் கேட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே நடந்தது எல்லாமே ‘ங்க’ போட்டுத்தான் நடந்தது.

தொண்ணூற்று ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பெரிய வீட்டில் லைட்டையும் ஸ்பீக்கரையும் புதிதாக மாற்றும் வேலை எனக்கு வந்தது. வீட்டுக்காரர்களுக்கு பம்ப் செட் வார்க்கும் ஃபவுண்டரி இருந்தது. நான் வயரிங் வேலை செய்பவன். சொந்தமாக லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் வைத்திருந்த இன்னொருவர் பெயரில் வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஒரு திங்கட்கிழமை கணக்கு வாத்தியார் அடிப்பார் என்று பயந்து போகாமல் இருந்தேன். செவ்வாய்க்கிழமை போனால் நேற்று ஏன் வரவில்லை என்று அடிப்பாரே என்று போகவில்லை. புதன்கிழமை இரண்டு நாளுக்கும் சேர்த்து விழுமே என்று போகவில்லை. அப்படியே நின்றுபோனது.

அந்தப் பயம் வேலைக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. வீடு போகும் வழியில், வடகோவை மேம்பாலம் ஏறிய பிறகு மொபெட்டைத் திருப்பிக்கொண்டு வந்து, முறுக்கிய ஸ்குரூவை இன்னொரு தரம் முறுக்கிப் பார்ப்பவன் நான். எதையும் நம்ப மாட்டேன், என் ஞாபகத்தை நம்பவே மாட்டேன். அதனால் எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். எந்த வீட்டில் ஃபியூஸும் வயர்களும் வந்து சேரும் பேனல் பெட்டியை மாட்டினாலும் அதன் கதவுக்கு உள்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை ஒட்டி, எந்த வயர் எந்த அறைக்குப் போகிறது, எதை எதற்காக மாற்றினேன், எதை மாற்றாமல் விட்டேன் என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதிவிடுவேன். பின்னால் வருகிறவன் தடுமாறக்கூடாது. பின்னால் வருகிறவன் நானாகவே இருந்தாலும் தடுமாறக்கூடாது. மற்ற வயர்மேன்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அட்டை ஒட்டாமல் கிளம்பினால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அந்த வீட்டில் ஏற்கனவே இருந்தது அந்தக் காலத்துக்குப் பெரிய ஏற்பாடு. வீட்டுக்காரரின் அப்பா உயிரோடு இருந்தபோது, எழுபதுகளின் கடைசியில் செய்தது. அறைகளில் சாதாரண சுவிட்சுகள் கிடையாது. காலிங் பெல்லுக்கு இருப்பது போல் ஒரு பட்டன் மட்டும் இருக்கும். அதை அமுக்கினால் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரிக்குள் ஒரு ரிலே சுவிட்ச் ‘டக்’கென்று விழும், அறையில் லைட் எரியும். மறுபடி அமுக்கினால் அணையும். எல்லா அறைக்கும் சேர்த்து ஒரு போர்டு வீட்டம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. எந்த அறையில் லைட் எரிந்தாலும் அந்தப் போர்டில் அந்த அறையின் பெயருக்கு நேராக ஒரு சின்னச் சிவப்பு பல்பு எரியும். படுத்தபடியே வீடு முழுவதையும் ஏற்றலாம், அணைக்கலாம். கூடவே ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு மைக், அறைக்கு ஒரு ஸ்பீக்கர். காலையில் சாமி பாட்டு எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் கேட்கும். மற்ற நேரத்தில் அந்த அம்மா கட்டிலில் இருந்தே மைக்கில் கூப்பிடுவார்.

அவருக்கு இரண்டு முழங்காலும் போயிருந்தன. மாடி ஏறிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் மாடியில் ஒரு டம்ளர் இடம் மாறினாலும் அவருக்குத் தெரியும் என்று சமையல்காரப் பெண் சொன்னாள்.

நான் போனபோது அந்த ஏற்பாடு கிழடாகிவிட்டிருந்தது. ரிலேக்களின் காண்டாக்ட் கருகி, ஹாலில் அமுக்கினால் பாத்ரூமில் எரிந்தது. ஸ்பீக்கர்களில் பாட்டைவிட இரைச்சல் அதிகம். போர்டில் பாதி சிவப்பு பல்புகள் செத்துப் போயிருந்தன. மீதியில் சில பொய் சொல்லின.

“ஏனுங்க, இந்தப் பொய்தானுங்க எனக்குப் புடிக்கறதில்ல,” என்றார் அந்த அம்மா, முதல் நாளே. “லைட்டு எரியலீன்னாக்கூட நான் கவலப்பட மாட்டனுங்க. எரியறது எனக்குத் தெரியோணும்.”

மகன் சிங்கப்பூரிலிருந்து நான்கு அட்டைப் பெட்டிகள் கொண்டுவந்திருந்தார். ரிமோட்டில் லைட்டைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்கள், ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாகப் பாட்டு அனுப்பும் ஆம்ப்ளிஃபையர், கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டப் புதிய போர்டு, அதோடு சேர்ந்த மைக். மகன் நல்லவர். நல்லவர் என்றால், காலையில் ஃபவுண்டரிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். போகும்போது என்னிடம், “இத நல்லபடியா முடிச்சுக் குடுங்க, ஃபவுண்டரிலயே பர்மனெண்ட்டா போட்டுக்கறேன்,” என்றார். மாதச் சம்பளம், பி.எஃப். அன்றைக்கு என் மனைவிக்கு ஏழாம் மாதம். அந்த வார்த்தையைக் கேட்ட நிமிஷத்திலிருந்து ஒவ்வொரு ஸ்குரூவையும் இரண்டு தரத்துக்குப் பதில் நாலு தரம் முறுக்கிப் பார்க்க ஆரம்பித்தேன்.

பெட்டிகளைப் பிரித்தால் உள்ளே தடிமனாக ஒரு புத்தகம். முழுவதும் இங்கிலீஷ். படத்தைப் பார்த்து எவ்வளவு தூரம் போக முடியும்? முதல் நாள் முழுக்கப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டாம் நாள் காபி கொண்டுவந்த மருமகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “அந்தப் பக்கம் இல்லீங்கண்ணா, அது கேரண்டி பத்தி,” என்றார்.

அவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண். காலேஜ் கடைசி வருஷத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர்தான் எனக்குப் புத்தகத்தைப் படித்துச் சொன்னார். அடுப்பு வேலைக்கும் துணி மடிக்கும் வேலைக்கும் நடுவில் வந்து, மாடிப்படிக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்து, “நாலாவது முனைக்கு மஞ்ச வயரு. ரெண்டையும் சேர்த்து முறுக்கக் கூடாதாமுங்க, எரிஞ்சுபோயிருமாம்,” என்று சொல்வார். எனக்குப் புரிகிற மாதிரி சொல்வார். நான் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். அவர் இல்லாவிட்டால் அந்தப் பெட்டிகளைக் கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

மாமியார் அவரை ஒரு நாளும் திட்டி நான் கேட்டதில்லை. பழைய ஸ்பீக்கரில் இரைச்சலுக்கு நடுவே குரல் வரும். “ஏனுங்க அம்மணி, பகல்ல ரூம்புல லைட்டு எரியுதுங்களே. கண்ணு ஏதும் தெரியலீங்களா? டாக்டரப் பாக்கலாங்களா?” ஒரு நிமிஷத்தில் லைட் அணைந்துவிடும். சமையலறையில் அவர் உட்கார்ந்தால், “காலு வலிக்குதுங்களா கண்ணு? என்ற தைலத்த வேணா எடுத்துக்குங்க,” என்று வரும். சமையலறையில் லைட் எரிந்து, தண்ணீர்க் குழாய்ச் சத்தம் நின்றுபோனால் உட்கார்ந்துவிட்டார் என்று கணக்கு.

மருமகளின் அறையில் ஸ்பீக்கர் மாற்றப் போனபோதுதான் பார்த்தேன். மற்ற எல்லா ஸ்பீக்கரிலும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் இருந்தது. இதில் குமிழைக் கழற்றி, தண்டையும் ரம்பத்தால் அறுத்து விட்டிருந்தார்கள். மிச்சமிருந்த துண்டைச் சுற்றிக் கீறலாகக் கிடந்தது. யாரோ பாக்குவெட்டியாலோ இடுக்கியாலோ பிடித்துத் திருகிப் பார்த்த கீறல்.

“ஒடஞ்சுபோச்சுங்கண்ணா,” என்றார் மருமகள்.

“ரம்பத்துல ஒடஞ்சிருக்குதுங்களே.”

அவர் துணியை மடித்தார்.

அடுத்த நாள் மத்தியானம், மாமியார் சாப்பிட்டுப் படுத்த பிறகு, பேனலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குரலை மிகவும் தாழ்த்தி, “அண்ணா, ஒண்ணு கேட்டா செய்வீங்களா?” என்றார்.

கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்தேன். யாராவது ‘ஒண்ணு கேட்டா’ என்று ஆரம்பித்தாலே எனக்குப் பயம்தான்.

அவர் கேட்டது இதுதான். மாடியில் பெரிய பாத்திரங்களைப் போட்டு வைக்கும் ஒரு ஸ்டோர் ரூம் இருந்தது. ஜன்னல் கிடையாது. உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. போர்டில் அந்த அறைக்கான சிவப்பு பல்பு ஒரு வருஷத்துக்கு முன்பே செத்துப்போய்விட்டது. பல்பு போனதை யாரும் கவனிக்கவில்லை, அவர் ஒருத்தரைத் தவிர. துணி காயப்போடுகிறேன் என்று மாடிக்குப் போய், அந்த அறையில் ஒரு அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்து தினமும் ஒரு மணி நேரம் படித்திருக்கிறார். அப்படிப் படித்தே பாக்கியிருந்த பாடங்களில் மூன்றை எழுதி முடித்துவிட்டார். பரீட்சை அன்றைக்கெல்லாம் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் ஒரே ஒரு பேப்பர்.

“படிக்க வேண்டாம்னு அவுங்க சொல்லலீங்கண்ணா. ஒரு நாளும் சொன்னதில்ல. புக்க எடுத்தா அவுங்களுக்கு ஒரு வேல ஞாபகம் வந்துரும், அவ்வளவுதான்,” என்றார். “பழைய சிலபஸ்ஸுக்கு இதுதான் கடைசித் தடவைங்களாம். இத விட்டா எழுதினது அத்தனையும் போச்சு, முதல்ல இருந்து எழுதோணும். முதல்ல இருந்து எழுத இங்க யாரு விடுவாங்க?”

“நான் என்னங்க பண்ணோணும்?”

“எல்லாத்தையும் புதுசு பண்ணுங்க. அந்த ஒரு பல்பு மட்டும் செத்தது செத்ததாவே இருக்கட்டுங்க.”

வேலை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு வயரைப் போர்டில் சேர்க்காமல் விட வேண்டும். ஒரு நிமிஷ வேலைகூட இல்லை, ஒரு நிமிஷம் மிச்சம். சரி என்றேன். எனக்காக அவர் அந்தப் புத்தகத்தில் அறுபது பக்கம் படித்திருந்தார்.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை. ஆனாலும் வயரைச் சேர்க்காமல்தான் விட்டேன். அதன் முனையில் டேப் சுற்றி மடித்து வைத்தேன். பழைய ரிலேக்களை எல்லாம் கழற்றிச் சாக்கில் போட்டேன். புதிய போர்டை மாமியாரின் கட்டிலருகே மாட்டினேன். ஒவ்வொரு அறையாக லைட்டைப் போட்டு, சிவப்பு பல்பு எரிவதை அவருக்குக் காட்டினேன். ஸ்டோர் ரூம் வரும்போது அந்த அறையின் லைட்டைப் போடாமலே அடுத்ததற்குப் போய்விட்டேன். அவர் கவனிக்கவில்லை. அல்லது கவனிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக அட்டை எழுதினேன்.

இப்போது நினைத்தாலும் என் கையை நானே உடைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. எழுதாமல் விட்டிருக்கலாம். பொய்யாக எழுதியிருக்கலாம். ஆனால் எனக்கு வந்த பயம் வேறு. நாளைக்கு வேறு ஒரு வயர்மேன் வந்து, சும்மா தொங்கும் வயரைப் பார்த்து, இது விட்டுப்போன வேலை என்று நினைத்துச் சேர்த்துவிட்டால்? அந்தப் பெண் மாட்டிக்கொள்ளுமே? அவரைக் காப்பாற்றுவதற்காகத்தான் எழுதினேன். ஹால் ஒன்று, ஹால் இரண்டு, சமையல் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்து, பதினேழாவது வரியில் நல்ல தெளிவான எழுத்தில் இப்படி எழுதினேன்: ‘ஸ்டோர் ரூம். லைட் உண்டு. போர்டில் பல்பு கிடையாது. சொன்னபடி. சேர்க்க வேண்டாம்.’

மறுநாள் காலையில் நான் போனபோது மாடிப்படிக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். பேனல் கதவு திறந்திருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார்.

“நல்லா எழுதியிருக்கறீங்க,” என்றார். “எட்டாவதுன்னு சொன்னீங்க, கையெழுத்து முத்து மாதிரி இருக்குதுங்க. இந்தப் பதினேழுல சொன்னபடின்னு போட்டிருக்கறீங்களே, யாரு சொன்னதுங்க?”

நான் கருவிப் பையைக் கீழே வைத்தேன்.

“நான் சொல்லலீங்க. என்ற பையனக் கேட்டேன், அவனும் சொல்லலியாம். சமையக்காரிக்கு இதெல்லாம் தெரியாது.” அவர் சிரித்தார். “செரி, அது கெடக்கட்டும். மைக்கு இன்னும் பாக்கலியே நாம. வாங்க, என்னைச் சித்த ரூம்புல கொண்டு விடுங்க.”

அவர் கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிப் போனேன். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, எல்லா அறைக்கும் ஒரே நேரத்தில் கேட்கும் பச்சைப் பட்டனை அவரே அமுக்கினார். எப்படி என்று முந்தின நாள் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். மைக்கை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“பேசுங்க. சும்மா ஒண்ணு ரெண்டுன்னு எல்லாம் வேண்டாம். நான் கேட்டதுக்குப் பதிலாப் பேசுங்க. யாரு சொன்னதுங்க?”

என் மூச்சு வீடு முழுக்கக் கேட்டது. ஹாலில், சமையலில், மாடியில். இரைச்சலே இல்லை. எவ்வளவு நல்ல ஸ்பீக்கர்கள்.

“பையன் இன்னும் ஃபவுண்டரிக்குக் கெளம்பல. அவனுக்கும் கேக்கும்,” என்றார் மெதுவாக. “உங்களப் பர்மனெண்ட்டு பண்றதாச் சொன்னானுங்களே.”

“சின்னம்மணி சொன்னாங்க,” என்றேன்.

நான் சொன்னது எனக்கே எல்லாப் பக்கமிருந்தும் திரும்பி வந்தது. மாடியிலிருந்து வந்தது ஒரு நொடி பிந்தி வந்தது போல் இருந்தது.

“பாருங்க, எத்தன தெளிவாக் கேக்குது,” என்றார் அந்த அம்மா. பட்டனை விட்டார். “நல்ல வேலக்காரருங்க நீங்க. இப்ப ஒரு காரியம் பண்ணுங்க. அந்த ரூம்புக்குப் பல்பே வேண்டாம்னு எழுதிட்டீங்க. லைட்டும் வேண்டாமுங்க, எடுத்துப்போடுங்க. அண்டாவும் குண்டாவும் என்ன படிக்கவா போகுது?”

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஸ்டோர் ரூம் கதவு திறந்திருந்தது. மருமகள் கவிழ்த்த அண்டாவின் மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் புத்தகம் இருந்தது. தலைக்கு மேலே ஸ்பீக்கர். எழுந்து அண்டாவை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். ஸ்டூலின் ஒரு கால் தரையில் சரியாக நிற்கவில்லை. அவர் வந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்துங்கண்ணா. விழுந்துபோடாதீங்க.”

நான் ஹோல்டரைக் கழற்றி வயரை வெட்டும் வரை அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டே நின்றார். பல்பைக் கையில் கொடுத்தேன், எங்கே வைப்பது என்று தெரியாமல். வாங்கிக்கொண்டார். பல்பு இன்னும் சூடாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானம் மாமியார் அவரைக் கூப்பிட்டு, பரீட்சை விஷயம் எப்படித் தெரிந்ததோ, ஹால் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். நான் ஹாலில் டிம்மரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. தேதியை ஒரு தரம் வாய்விட்டுப் படித்துவிட்டு, “நல்லபடியா எழுதுங்க கண்ணு. முன்னாடியே சொல்லியிருந்தா நானே சாமிக்கு வேண்டியிருப்பனே,” என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு நாள்காட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

புதிய லைட்டும் பாட்டும் வந்ததற்குச் சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று வைத்த நாள் பரீட்சை இருந்த அதே வெள்ளிக்கிழமைதான். காலை ஒன்பதரை மணிக்கு டிஃபன். பரீட்சை பத்து மணிக்கு.

நான் அன்றைக்கு எட்டு மணிக்கே போய் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். ஏதாவது ஒன்று எரியாமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம். பொள்ளாச்சியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சென்னிமலையிலிருந்தும் கார்கள் வந்தன. ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்துவிட்டு ஹாலை இருட்டாக்கியிருந்தார்கள். மருமகள் பட்டுப் புடவையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எங்கூட்டுப் புள்ளைக்குத்தான் இதெல்லாம் அத்துபடிங்க,” என்றார் மாமியார், சோபாவில் உட்கார்ந்தபடி எல்லோரிடமும். “இங்கிலீசு புக்கப் படிச்சு வயர்மேனுக்கே சொல்லிக் குடுத்தாங்க. நம்ம ஆளுகளுக்கு ஒண்ணொண்ணா அமுக்கிக் காட்டுங்க கண்ணு. மெதுவா. அவசரம் ஒண்ணுமில்ல.”

அவர் அமுக்கினார். லைட் மெதுவாகக் குறைந்தது, மெதுவாகக் கூடியது. பூஜை அறையில் மட்டும் எரிந்தது. தோட்டத்தில் மட்டும் எரிந்தது. ஒரு அறையில் நாதஸ்வரம், இன்னொரு அறையில் சினிமாப் பாட்டு. எல்லோரும் ‘அடேங்கப்பா’ என்றார்கள். முடிந்தது என்று நினைக்கும்போது இன்னொரு கார் வந்தது. “கண்ணு, மாமன் இப்பத்தான் வாராருங்க. முதல்ல இருந்து ஒருக்கா.”

பத்து மணி அடித்தது. எல்லோரும் இலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு இடைவெளியில் அவர் மாடிப்படிக்குக் கீழே வந்தார். வேகமாக மூச்சு வாங்கினார்.

“அண்ணா, பத்தரை வரைக்கும் உள்ள விடுவாங்க. பின்னாடி கேட்டுக்கிட்ட ஆட்டோவ நிறுத்தி வெச்சிருக்கறேன். அந்த மெயின் பியூஸ் கட்டைய மட்டும் உருவிக்குங்க. கரண்டு போச்சுன்னு எல்லாம் எந்திரிச்சு வெளிய போவாங்க. அந்தக் கூட்டத்துல நான் போயிருவேன். உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். ஒரு அரை மணி நேரம்.”

பியூஸ் கட்டை என் முகத்துக்கு நேரே இருந்தது. கையை நீட்டினால் போதும்.

“பாக்கறேனுங்க அம்மணி,” என்றேன்.

அவர் அதை நம்பினார். அதுதான் என்னால் தாங்க முடியாதது. போய் ரிமோட்டை எடுத்துக்கொண்டு ஹாலின் ஓரமாக, பின்வாசலுக்குப் பக்கத்தில் நின்றார். அடுத்த கூட்டம் இலையிலிருந்து எழுந்து வந்தது. மறுபடியும் ஆரம்பித்தார். ஒவ்வொரு பட்டனையும் அமுக்கிவிட்டு ஒரு கணம் நின்றார். லைட் மங்கும்போதெல்லாம் அது நானாக இருக்கும் என்று தலையை இந்தப் பக்கம் திருப்பினார். மங்கிய லைட் திரும்பக் கூடியது.

நான் கட்டையின் மேல் கையை வைத்திருந்தேன். உருவினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கும். யாராவது எட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பேனலுக்குப் பக்கத்தில் இருந்தவன் நான் ஒருத்தன்தான். மறுபடியும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், அந்த மைக்குக்கு முன்னால். ஃபவுண்டரி, பி.எஃப்., ஏழாம் மாதம். யோசித்துக்கொண்டே இருந்தேன். யோசித்தால் நேரம் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும்.

பின்பக்கம் ஆட்டோ ஹாரன் இரண்டு தரம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம். பிறகு ஸ்டார்ட் பண்ணி, கிளம்பி, சந்து முனையில் கியர் மாற்றும் சத்தம் வரைக்கும் கேட்டது. ஹாலில் கடிகாரம் பத்தரையைத் தாண்டியிருந்தது. நான் கையை எடுத்தேன். கட்டையில் என் விரல் பட்ட இடமெல்லாம் ஈரம்.

எல்லாம் முடிந்த பிறகு மாமியார் என்னை ஹாலுக்குக் கூப்பிட்டார். தாம்பாளத்தில் வேட்டி, சட்டைத் துணி, வெற்றிலை பாக்கு. “ஒரு பல்பு தப்பல பாருங்க,” என்று சொந்தக்காரர்களிடம் சொன்னார். “மணியான வேலைங்க. கண்ணு, நீங்களே எடுத்துக் குடுங்க.”

மருமகள் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

“எல்லாம் நல்லா எரியுதுங்கண்ணா,” என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி, மாமியாரின் அதே தன்மையான குரலில். “மறந்துபோயிருவீங்க. இதையும் அந்தக் கதவுல எழுதி வெச்சுக்குங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். “ஆமாமுங்க, அவரு எழுதாம போக மாட்டாரு,” என்று மாமியாரும் சிரித்தார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், “எழுதுங்க, எழுதுங்க, பாக்கலாம்,” என்று கூடவே எழுந்து வந்தார்.

நான் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு பேனல் கதவைத் திறந்தேன். சட்டைப் பையிலிருந்து ஸ்கெட்ச் பேனாவை எடுத்தேன். பதினேழாவது வரியை வீட்டில் யாரோ ஏற்கனவே கோடு போட்டு அடித்திருந்தார்கள். அதற்குக் கீழே, கடைசி வரிக்கும் கீழே, அன்றைய தேதியைப் போட்டு, எல்லா அறையிலும் லைட் எரிகிறது என்று எழுதினேன். பெரியவர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் ரிமோட்டை சோபாவின் கைப்பிடியில் வைத்துவிட்டு இலை எடுக்கப் போய்க்கொண்டிருந்தார்.

ஃபவுண்டரி வேலை எனக்குக் கிடைத்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர்ந்தேன்.